பேசினால் தட்டில் விழும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டிய பெண் உள்ளே வரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே ஒரு சதுர அட்டை உறையை நீட்டி, "இந்தத் தட்டுல பேசுற அக்கா குரல் தேஞ்சு போச்சுங்கண்ணா. மறுபடி ஒண்ணு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாள்.

உறையைப் பார்த்ததும் கதவைத் திறந்தவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் வெட்டிய இசைத்தட்டுதான். உறை ஒட்டுவது மனைவியின் வேலை. பசையைக் கஞ்சி மாதிரி அள்ளித் தடவுவாள். அந்தத் திட்டு மூலையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

"இது ஒரு பையன் பாடுன தட்டும்மா. இதுல அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது."

"இருக்காங்கண்ணா. நான்தான் தினமும் கேக்குறேனே."

"தினமுமா?" அவருக்கு அதுதான் முதலில் சுருக்கென்றது. "உள்ள ஒரு சீட்டு வச்சுக் குடுத்தேனே, படிக்கலையா? இது கடையில விக்கிற தட்டு மாதிரி இல்ல. அரக்கு, மெத்துன்னு இருக்கும். ஊசி ஓட ஓடத் தேயும். எப்பவாச்சும் ஆசைக்குக் கேளுங்கன்னு எழுதியிருந்தேனே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. "வர்றவங்களுக்கெல்லாம் டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிச்சுச் சொல்றவ நான். எனக்குன்னு வந்தப்ப படிக்கல" என்றாள். கோபித்துக்கொள்ள வந்தவரால் அதற்கு மேல் கோபிக்க முடியவில்லை. உள்ளே வரச் சொன்னார்.

அவர் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. சட்டைப்பையில் இரும்பு வாசனையோடு இருபது முப்பது கட்டடங்களுக்கு ஏறி இறங்குகிற மனிதர். ஆனால் அவரை லிஃப்ட்காரர் என்று ஒருவரும் சொல்வதில்லை. தட்டுக்காரர் என்றுதான் பெயர். ஒழுங்காக ஓடுகிற லிஃப்டை எவன் நினைத்துப் பார்க்கிறான்? வீட்டுக்குள் உட்கார்ந்து இசைத்தட்டு வெட்டுகிற கிறுக்கனை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கிறுக்கு பிடித்தது, மூடப்போன ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு லிஃப்டைக் கழற்றப் போன இடத்தில். தட்டு வெட்டுகிற லேத் ஒன்று தூசி மூடி மூலையில் கிடந்தது. பழைய இரும்பு விலைக்குப் போக இருந்ததை வாங்கி, நாலு பேரை வைத்துத் தூக்கி, தான் பழுது பார்க்கும் லிஃப்டிலேயே பயந்து பயந்து ஏற்றிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த மனைவி அதை மேலும் கீழும் பார்த்தாள். "ஆக, இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சரி, இவளுக்கு எந்த ரூமு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த லேத்துக்கு இளையாள் என்று பெயர். யாராவது வீட்டுக்கு வந்து அவர் எங்கே என்று கேட்டால், "இளையாள் வீட்டுல இருக்காரு" என்று பின்னறையைக் காட்டுவாள். புதிதாக வருகிறவர்கள் திகைத்து நிற்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

பின்னறையில் நடப்பது இதுதான். அரக்கு பூசிய வெற்றுத் தட்டு ஒன்று சுழலும். சூடேற்றிய கூர்மையான ஊசி அதன் மேல் இறங்கும். ஒலிக்கு ஏற்ப ஊசி நடுங்க நடுங்க, அந்த நடுக்கமே தட்டில் வரியாக விழும். வெட்டுப்பட்ட அரக்கு கருப்பு நூலாக எழும்பி வரும். மயிரிழை கனம்தான், ஆனால் அது ஊசியில் சுற்றிக்கொண்டால் தட்டு போச்சு. பக்கத்தில் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் அந்த நூலை நடுப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது அவள் வேலை. "இளையாளுக்குத் தலை வாரி விடுறேன்" என்பாள். நர்சரிப் பள்ளியில் முப்பது வாண்டுகளை மேய்த்துவிட்டு வந்து, மாலையில் இந்த வேலை. கை நடுங்காது. அவளைப் போல நூல் ஒதுக்க ஆள் கிடையாது. அதை அவள் இருந்தபோது அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வாய்தான் நிற்காது. தூரிகை ஒரு பக்கம் ஓட, பள்ளியில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் காதைக் கடித்த கதை இன்னொரு பக்கம் ஓடும். இயந்திரம் வந்த புதிதில், அப்படி ஒரு கதைக்குத் திரும்பி "அப்புறம்?" என்று கேட்ட நேரத்தில், அவர் கை பட்டு ஒரு தட்டு பாழாகிவிட்டது. தப்பு அவர் கையுடையது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். "ரூம்ல பேசுனா தட்டுல விழும். ஊசி இறங்கியாச்சுன்னா வாயைத் திறக்கக் கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டார்.

அது பச்சைப் பொய். மைக்கைத் திறந்து வைத்தாலொழிய, அறையில் மத்தளமே கொட்டினாலும் ஊசிக்குக் காது கிடையாது. அவர்களுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி, ஜனங்கள் போனில் எடுத்துக் கொண்டுவந்த பதிவுகள்தான். கம்பி வழியாக நேராக ஊசிக்குப் போகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் அமைதி பிடித்துப்போயிருந்தது. நாள் முழுக்க லிஃப்ட் மோட்டார் இரைச்சல், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரின் இரைச்சல். இந்த அறையிலாவது சத்தமில்லாமல் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார். அவள் நம்பினாள். ஊசி இறங்கியதும் உதட்டை மடித்துக்கொண்டு, தூரிகையும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். பேச வேண்டியதையெல்லாம் கண்ணாலும் புருவத்தாலும் பேச முயன்று, அவர் பார்க்கவில்லை என்றால் பெருமூச்சு விடுவாள். அதுவும் மெதுவாக.

போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். மாடியில் துணி காயப்போடப் போனவள் ஈரத்துணியோடு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று யாரிடமும் சொல்லக்கூட நேரமில்லை. காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்புகிற அன்று மகள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா குரல் எதுலயாவது இருக்கா? ஊர்ல இருக்கறவன் குரலையெல்லாம் தட்டுல போட்டியே, அம்மாவோடது ஒண்ணே ஒண்ணு?" என்று கேட்டாள். மறுநாள் இளையாள் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். அதோடு சரி.

அடியோடு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. போனில் அவள் அனுப்பிய குரல் செய்திகள் சில கிடந்தன. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க", "சாவியை எங்க வச்சீங்க", இந்த மாதிரி. ஆனால் போன் என்றால் தொலைவில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பேசுகிறவள் அவள். அந்தக் கத்தல் அவள் குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, யாரையோ பற்றி, அடக்கிய சிரிப்போடு ஒரு குரலில் பேசுவாளே, அதுதான் அவளுடையது. அது எங்கேயும் இல்லை. அதைத் தேடித் தேடி அலுத்து, ஒரு வருடத்துக்குப் பிறகு, அது எப்படி இருக்கும் என்பதே தனக்குச் சரியாக நினைவில்லை என்று அவருக்குத் தெரிந்த அன்று, வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கிடந்தார்.

அப்படிப்பட்டவரிடம் வந்துதான் மருந்துக்கடைப் பெண் அக்கா குரல் வேண்டும் என்று கேட்டாள்.

"வேற தட்டோட மாத்திக் குழப்பிக்கிறியாம்மா?" என்றார்.

"என்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான். எம் பையன் பாடுறான், அப்புறம் ஒரு நரிக் கதை சொல்றான். பாட்டு நடுவுலயே அந்த அக்கா பேச ஆரம்பிச்சிடுறாங்க. முதல்ல எனக்கு ஆத்திரமா வந்துச்சு. சண்டை போடணும்னு ரெண்டு தடவை இந்தத் தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"அப்புறம் ஏன் வரல?"

அவள் உறையின் ஓரத்தை நகத்தால் வருடிக்கொண்டிருந்தாள். "பையன் இப்ப அவங்கப்பாகூட வெளியூர்ல இருக்கான். கோர்ட்ல அப்படி ஆயிடுச்சு. வீட்டுக்குப் போனா ஒரு சத்தம் இருக்காது. தட்டைப் போட்டா அவன் பாடுவான். அந்த அக்கா அவன்கிட்ட பேசுவாங்க. ரெண்டு பேரு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும். அவன் பாட்டு என் போன்லயே இருக்குண்ணா. அதுக்காக நான் தட்டைப் போடல. அந்த அக்கா பேசுறதுக்காகத்தான் போட்டேன்."

அவர் நம்பவில்லை. வேலையில் அவருக்கிருந்த கர்வம் விடவில்லை. கம்பி வழியாகப் போன பதிவில் அறைக்குள்ளிருந்து ஒரு குரல் எப்படி நுழையும்? யாரோ பக்கத்து வீட்டு வானொலியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார்.

"இன்னொண்ணுண்ணா. பையன் குரலே ரெட்டை ரெட்டையா கேக்குது. கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி. போன்ல அப்படி இல்ல."

பதிவு ஒரு பக்கம் நேராக ஊசிக்குப் போக, அறையிலிருக்கிற சின்ன ஒலிபெருக்கியில் அதே பாட்டு வெளியே வந்து, மைக் வழியாக இன்னொரு முறை உள்ளே புகுந்தால்தான் குரல் அப்படி இரட்டையாகும். மைக் திறந்திருந்திருக்கிறது. இந்தத் தட்டை வெட்டியதற்கு முந்தின நாள் ஒரு ஜோடி வந்து, நேரிலேயே மைக் முன்னால் நின்று கல்யாண நாள் வாழ்த்துப் பேசிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. குமிழைத் திருப்பி மூட மறந்திருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியது ஒரு வருடம் கழித்துத்தான் யானைக்குத் தெரிகிறது. வெட்டிய தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்கிற வழக்கமும் அவரிடம் இல்லை. முதல் முறை ஊசி ஓடுவது வாங்கியவர் வீட்டில்தான் என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

தட்டு வெட்டும் நேரத்தில் அந்த அறையில் இருந்த பெண்பிள்ளை ஒருத்திதான்.

அன்றைக்கு நடந்ததும் நினைவில் எழுந்தது. வெட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து, லிஃப்டில் சங்கத்துச் செயலாளர் மாட்டிக்கொண்டதாகக் கதவை இடித்தார். இறங்கிய ஊசியைப் பாதியில் தூக்க முடியாது. பார்த்துக்கொள் என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டுக் கீழே ஓடினார். செயலாளரை வெளியே எடுத்து, அவர் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டு மேலே வந்தபோது ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் பேசியிருக்கிறாள்.

மருந்துக்கடைப் பெண் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அந்த அக்கா இங்கதான் இருக்காங்களா? அவங்களையும் ஒரு தடவை பாக்கணும்னுதான் வந்தேன்."

"என் பொண்டாட்டிம்மா" என்றார். "இப்ப இல்ல. இந்தத் தட்டை வெட்டிக் குடுத்து ரெண்டு மாசம்கூட இருக்கல அவ."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று அழ ஆரம்பித்தாள். "ஐயோ, உங்ககிட்ட வேற இருக்கும்னு நினைச்சேண்ணா. இங்க எப்படியும் மூலம்னு ஒண்ணு இருக்கும், திரும்பப் போட்டுடலாம்னு நினைச்சேன். நான் போட்டுப் போட்டுத் தேச்சுட்டேனே!"

அழாதே என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவரால் முடியவில்லை. இவள் தேய்த்துவிட்டாளே என்று அவருக்கும் நெஞ்சு எரிந்தது. அதே நேரத்தில், தன் மனைவி பேசியதை இத்தனை நாள் ஒருத்தி ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எங்கேயோ இதமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். வெட்டியபோது கருப்புக் கண்ணாடியாக இருந்தது. இப்போது வெளி ஓரத்திலிருந்து பாதிவரை சாம்பல் பூத்துக் கிடந்தது. "எதுல போட்டுக் கேக்குற?" என்றார்.

"பெட்டி மாதிரி இருக்குமே, மூடினா தூக்கிட்டுப் போகலாம், அது."

கடப்பாரை மாதிரி ஊசி வைத்த பெட்டி. அது ஓடிய வரியில் முதலில் சாவது மெல்லிய ஒலிகள்தான். உரத்த ஒலி ஆழமாகக் கிடக்கும், பிழைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பேசின அடங்கிய குரல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதை அவளிடம் சொல்லவில்லை. உள் பாதி மட்டும் அப்படியே புதிதாக மின்னியதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னறையைத் திறந்தார். ஒரு வருடத்து அடைபட்ட காற்று. அவர் இளையாளைத் தொடவில்லை; பக்கத்து மேசையில் இருந்த தட்டுப் போடுகிற கருவியைத்தான் துடைத்தார். புது ஊசி மாட்டினார். ஊசிக் கையின் கனத்தை, தட்டை விட்டு எழும்பிவிடாத அளவுக்கு, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். ஓடும்போதே பதிவாகட்டும் என்று கணினியைத் திறந்து கம்பியைச் செருகினார். ஒருமுறைதான் ஓட்டலாம். அந்த ஒருமுறையில் மிச்சமிருப்பது கிடைத்தால் கிடைத்தது. கிடைத்தால் முதலில் மகளுக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் இந்தப் பெண்ணுக்கு ஒரு தட்டு வெட்ட வேண்டும் என்றெல்லாம் மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

அந்தப் பெண் கேட்காமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதில் வேறு யாரையும் அவர் உட்கார விட்டதில்லை. இன்றைக்கு விட்டுவிட்டார்.

ஊசியை இறக்கினார். கரகரப்பு. அதற்குள்ளிருந்து பையன் குரல் வந்தது. ஏழு வயதுக் குரல், மேகம் எங்கே போகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஏதோ ஒரு பாட்டு. மூச்சு வாங்காமல், யாரோ துரத்துகிற வேகத்தில், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பாடினான். அவள் சொன்னதுபோல இரட்டைக் குரலாகத்தான் இருந்தது.

"இப்ப வரும்" என்றாள் அந்தப் பெண்.

கரகரப்பு அதிகமானது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று அசைவது தெரிந்தது. மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுகிற மாதிரி. பேச்சு என்று தெரிகிறது. யார், என்ன, ஒன்றும் தெரியவில்லை. ஒலியை ஏற்றினார். கரகரப்புதான் ஏறியது. காதைக் கொண்டுபோய் ஒலிபெருக்கியோடு ஒட்டினார். அவள் அங்கே இருந்தாள். அவருக்குக் கேட்கும்படி இல்லை.

"கேக்கல" என்றார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா."

அந்தப் பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கரகரப்போடு சேர்ந்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, தானே சொல்ல ஆரம்பித்தாள்.

"பாடு கண்ணூ, பாடு. நல்லாத்தானே பாடுற. மூச்சு விட்டுட்டுப் பாடேன், யாரு உன்னை அடிக்க வர்றா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் 'கண்ணூ'வை ஊஞ்சலில் உட்காரவைத்து இழுத்துவிடுகிற மாதிரி ஒருத்திதான் இழுப்பாள். நினைவில்லை என்று படுத்துக்கிடந்தாரே, அந்தக் குரல் இந்த அந்நியப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. கேட்டுக் கேட்டு, மனைவி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, சிரிக்கிற இடத்தில் சிரித்து, அப்படியே படிந்து போயிருந்தது.

"அவரு கீழ லிஃப்டைப் பாக்கப் போயிருக்காரு. அந்தச் செயலாளரு மாட்டிக்கிட்டாராம். இருக்கட்டும், கொஞ்ச நேரம் உள்ளயே கிடந்தா ஊரு அமைதியா இருக்கும்." மருந்துக்கடைப் பெண் இங்கே லேசாகச் சிரித்தாள். தட்டில் அவள் சிரித்திருக்க வேண்டும். "பேசுனா தட்டுல விழும்னு என்கிட்ட சொல்லி வச்சிருக்காரு கண்ணூ. விழாது. எனக்குத் தெரியும். மைக்கை மூடி வச்சா எப்படி விழும்? பாவம், நாள் பூரா இரைச்சல்ல கிடந்துட்டு வர்றாரு, சத்தமில்லாம இருந்தா அவருக்கு நிம்மதின்னு நானும் நம்புற மாதிரியே இருந்துக்கறேன். வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம், என்ன?"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. உதட்டை மடித்துக்கொண்டு தூரிகையோடு உட்கார்ந்திருந்த அத்தனை மாலைகளும், ஏமாந்துபோய் உட்கார்ந்ததில்லை. அழுகை வந்தது. அடக்கவில்லை.

அந்தப் பெண் சொல்வதை நிறுத்திவிட்டு ஊசிக் கையைத் தூக்கக் கை நீட்டினாள். "இவ்வளவுதாண்ணா. இதுக்கு மேல வேணாம், நான் எப்பவும் இந்த இடத்துலயே எடுத்துடுவேன்."

"கை வைக்காதே!" என்று அவள் கையைத் தடுத்தார். "பாதியில எடுத்தா தட்டு கீறிடும். இதுக்கு மேலயும் அவ பேசியிருப்பா."

"வேணாம்ணா" என்றாள் மறுபடியும். அவர் கேட்கவில்லை.

ஊசி சாம்பல் பூத்த வரிகளைத் தாண்டி, மின்னுகிற வரிகளுக்குள் இறங்கியது. கரகரப்பு துடைத்துவிட்டதுபோல நின்றது. அறை தெரிந்தது, அந்த நாளின் அறை, அதன் காற்றோடு. பையன் குரல் பளிச்சென்று எழுந்தது. கதவு திறக்கிற சத்தம். இரண்டு காலடி. பிறகு அவர் குரல், மைக்குக்கு மிக அருகில், ஒரு பிசிறு இல்லாமல்:

"வாயை மூடிக்கிட்டு இருக்கவே தெரியாதா உனக்கு? எத்தனை தடவை சொல்றது!"

மருந்துக்கடைப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. செயலாளரிடம் வாங்கியதை இங்கே இறக்கியிருக்கிறார். அந்த மாதிரி எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். எதை என்று நினைவு வைத்துக்கொள்வது? இந்த ஒரு தடவை தட்டில் விழுந்துவிட்டது. இந்தப் பெண் முதல் நாள் கேட்டதோடு சரி, அப்புறம் ஒவ்வொரு நாளும் இந்த இடத்துக்கு முன்னால் ஊசியைத் தூக்கியிருக்கிறாள். அதனால் இது தேயவில்லை.

ஊசி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து பையன் நரிக் கதையைத் தொடங்கினான். இந்த வரிகளில் அந்த முதல் நாளைத் தவிர எந்த ஊசியும் ஓடியதில்லை. வெட்டிய அன்று இருந்தபடியே இருந்தன. தெருவில் போன சைக்கிள் மணி கேட்டது. முக்காலியின் கால் ஒருமுறை கிறீச்சிட்டது. தூரிகை அரக்கைத் தொட்டுத் தொட்டு ஒதுக்குகிற சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு துல்லியம். இதில் அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருக்கும். 'சரி' என்று ஒன்று. 'போங்க' என்று ஒன்று. அவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, குனிந்து, காத்துக்கொண்டிருந்தார். நரி ஆற்றைத் தாண்டியது. நரிக்குப் பசித்தது. பையன் கதையை எங்கெங்கோ கொண்டுபோய் ஒருவழியாக முடித்தான். ஊசி கடைசி வட்டத்துக்கு வந்து அங்கேயே சுற்றியது. அவள் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு, தட்டு முடிகிறவரை வாயே திறக்கவில்லை.